பங்காளிச் சண்டை: டி அண்ட் டி நான்காம் பதிப்பு ரசிகர்களை ஏன் பிரித்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எப்படியாவது நான்காம் பதிப்பில் வந்து நிற்கும். அது 2008-இல் வந்த புத்தகம். அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இப்போது பகடை உருட்டுகிறார்கள், சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. புதிதாக ஆட வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு நான்காம் பதிப்பு பிடிக்கும். கோபப்பட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

விளையாட்டுக்குப் பதிப்பு என்றால் என்ன?

ஒரு மேசை, நாலைந்து பேர், காகிதம், பென்சில், பகடை. ஒருவர் டன்ஜன் மாஸ்டர். அவர் உலகத்தைச் சொல்லுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் போவார்கள். எது நடக்கும், எது நடக்காது என்பதை விதிப்புத்தகமும் பகடையும் தீர்மானிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த விதிகளைத் திருத்தி எழுதிப் புதிய புத்தகமாக வெளியிடுவார்கள். அதுதான் பதிப்பு.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974-இல் வந்தது. வெளியிட்டது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் இருந்த டிஎஸ்ஆர் நிறுவனம். டிஎஸ்ஆர் நொடித்தபோது, 1997-இல் அதை வாங்கியது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட். இரண்டே ஆண்டில் விசார்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது. மூன்றாம் பதிப்பு 2000-இல், அதைச் செப்பனிட்ட 3.5 பதிப்பு 2003-இல் வந்தன. நம் கதை அதற்கு அடுத்தது.

நான்காம் பதிப்பு எப்போது வந்தது?

2007 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில் நடந்த ஜென்கான் விழாவில் அறிவித்தார்கள். 2008 ஜூன் 6 அன்று மூன்று அடிப்படைப் புத்தகங்களும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. ராப் ஹைன்சூ, ஆண்டி காலின்ஸ், ஜேம்ஸ் வையட் மூவரும் முதன்மை வடிவமைப்பாளர்கள். அதே ஆண்டு மார்ச்சில் கைகாக்ஸ் காலமாகியிருந்தார். பழைய ஆட்டக்காரர்கள் பலர் ஏற்கெனவே கனத்த மனத்தோடுதான் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள்.

3.5 நன்றாகத்தானே இருந்தது, ஏன் மாற்றினார்கள்?

நன்றாக இருந்தது, பாத்திரங்கள் அனுபவம் சேர்த்துப் பத்தாம் நிலைக்கு ஏறும் வரைக்கும். அதற்கு மேல் மந்திரவாதி பறப்பார், மறைவார், ஊர் விட்டு ஊர் தாவுவார், பூதத்தை வரவழைப்பார். பக்கத்தில் நிற்கும் ஃபைட்டர் வாளை வீசுவார். அடுத்த சுற்றிலும் வாளை வீசுவார். மந்திரங்கள் தீர்ந்ததும் கூட்டமே படுத்துத் தூங்கி மறுநாள் காலை எழுந்து போகும். கால் மணி நேர சாகசம், மிச்ச நாள் ஓய்வு. டன்ஜன் மாஸ்டர் பாடு அதைவிட மோசம். உயர்நிலை அசுரன் ஒன்றைத் தயார் செய்ய, அதன் மந்திரப் பட்டியலுக்காக மூன்று புத்தகம் புரட்ட வேண்டும். இந்தக் குறைகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பிறகு நான்காம் பதிப்பைத் திட்டியவர்களும் இதையெல்லாம் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு காரணம் வியாபாரம். அடிப்படைப் புத்தகம் ஒருவருக்கு ஒருமுறைதான் விற்கும். புதிய பதிப்பு வந்தால் எல்லாரும் மறுபடி வாங்கியாக வேண்டும். 2000-இல் ஒரு தடவை, 2003-இல் ஒரு தடவை, 2008-இல் இன்னொரு தடவை என்றால் அலமாரி நிறைய 3.5 வைத்திருந்தவருக்கு வயிறு எரியாதா?

அப்படி என்னதான் மாற்றினார்கள்?

பட்டியல் போட்டால் நீளும். ஒரே ஒரு மந்திரத்தை எடுத்துப் பார்க்கலாம்: ஃபயர்பால், அதாவது நெருப்புப் பந்து.

3.5 புத்தகத்தில் ஃபயர்பால் பத்தி பத்தியாக ஓடும். விரலை நீட்டினால் மணி அளவில் ஒரு பொறி பறந்துபோய் வெடிக்கும். 20 அடி ஆரத்தில் எல்லாவற்றையும் பொசுக்கும். எரியக்கூடிய பொருள் எரியும். ஈயம், தங்கம், செம்பு, வெள்ளி, வெண்கலம் உருகும். குறுகலான இடைவெளி வழியாக அந்தப் பொறியை அனுப்ப வேண்டுமென்றால் குறி தப்பக்கூடாது. தப்பினால் அங்கேயே வெடிக்கும். இதைப் படித்த ஆட்டக்காரர் தலையில் உடனே ஒரு யோசனை ஓடும்: அந்த அறையில் திரைச்சீலை இருந்ததா? புதையல் பெட்டி எங்கே இருந்தது?

நான்காம் பதிப்பில் அதே ஃபயர்பால் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. மேலே சாம்பல் நிறப் பட்டை. நாளுக்கு ஒருமுறை என்று அர்த்தம். அடியில் ஒரு வரி வர்ணனை. பிறகு, கட்டம் போட்ட ஆட்டத் தாளில் 20 கட்டத் தூரத்துக்குள் வெடிப்பு, அளவு 3, இலக்கு, வெடிப்புக்குள் உள்ள ஒவ்வோர் உயிரும், மூன்று ஆறுமுகப் பகடையோடு அறிவுத்திறன் சேர்த்து நெருப்புச் சேதம், தவறினால் பாதி. அவ்வளவுதான். படிக்க ஐந்து விநாடி, வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. ஆனால் திரைச்சீலையும் தங்கமும் காணாமல் போயின. மூலைவாட்டில் நகர்ந்தாலும் ஒரு கட்டம்தான் என்று விதி வைத்ததால் வெடிப்பும் ஏழுக்கு ஏழு சதுரமாகிவிட்டது. ‘சதுர நெருப்புப் பந்து’ என்று அன்று கேலி செய்யாதவர் இல்லை.

இதே அச்சில்தான் எல்லா கிளாஸும், அதாவது மந்திரவாதி, திருடன் மாதிரியான பாத்திர வகைகளும், வார்க்கப்பட்டன. ஒவ்வொரு வித்தைக்கும் பவர் என்று பெயர். எப்போதும் பயன்படுத்தக்கூடிய பவர் பச்சைப் பட்டை, ஒரு மோதலுக்கு ஒன்று சிவப்பு, நாளுக்கு ஒன்று சாம்பல். மந்திரவாதிக்கும் அதே வாய்பாடு, திருடனுக்கும் அதே வாய்பாடு. சண்டைக்கு உதவாத மந்திரங்களை ரிச்சுவல் என்று தனியாகத் தள்ளினார்கள். பூட்டைத் திறக்கும் மந்திரத்துக்குப் பத்து நிமிடமும் கைக்காசும் வேண்டும். மனப்பாடம் செய்து, ஒருமுறை சொன்னதும் மறந்துபோகும் பழைய மந்திர முறை பெரும்பாலும் போய்விட்டது. பழைய ஆட்டக்காரருக்கு அது அடிமடியில் கை வைத்த மாதிரி.

ஃபைட்டருக்கு நல்லதுதானே செய்தார்கள்? அதற்கு ஏன் கோபம்?

நல்லதுதான். முதல்முறையாக ஃபைட்டர் ஆடுகிறவருக்குத் தன் முறை வரும்போது யோசிக்க ஏதாவது இருந்தது. கேடயத்தால் எதிரியை ஒரு கட்டம் தள்ளி அவன் இடத்தில் தான் போய் நிற்கலாம். அடித்த எதிரியைக் ‘குறி’ வைக்கலாம். அவன் வேறொருவரைத் தாக்கினால் தண்டனை. என் மேசையில் குறி வைத்த எதிரிக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை வைப்போம். சில நாள் ஆட்டம் முடிந்தபோது பல்லாங்குழி கலைந்த மாதிரி இருக்கும்.

வம்பு ‘கம் அண்ட் கெட் இட்’ என்ற பவரில் வந்தது. ஏழாம் நிலை ஃபைட்டர் ‘வாங்கடா’ என்று கூப்பிடுகிறார். மூன்று கட்டத்துக்குள் இருக்கும் எதிரிகள் எல்லாம் அவர் பக்கம் இழுபட்டு வருவார்கள், அவர் சுற்றி ஒரு வீச்சு வீசுவார். மந்திரம் ஏதும் கிடையாது. சரி, கோபக்கார ஓநாய் மனிதன் வருவான். கூரைமேல் நிற்கும் வில்லாளி ஏன் இறங்கி வர வேண்டும்? காதும் மூளையும் இல்லாத கூழ் மிருகம் எப்படி வரும்? புத்தகத்தின் பதில்: வரும், காரணத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். பின்னால் ஒரு திருத்தத்தில் எதிரியின் மன உறுதிக்கு எதிராகப் பகடை உருட்ட வேண்டும் என்று மாற்றினார்கள்.

என் பார்வையில் மொத்தத் தகராறும் இந்த ஒரு பவருக்குள் இருக்கிறது. ஒரு சாரார் முதலில் கதையில் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற விதியைத் தேடுவார்கள். இன்னொரு சாரார் விதியை ஆடிவிட்டுக் கதையை அதன்மேல் போர்த்திக்கொள்வார்கள். முன்பெல்லாம் இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் சேர்ந்து ஆடினார்கள், வித்தியாசம் வெளியே தெரியவில்லை. நான்காம் பதிப்பு இரண்டாவது ஆள் பக்கம் வெளிப்படையாகப் போய் நின்றது.

வார்லார்ட் கத்தினால் காயம் ஆறுமாமே?

ஆமாம், வார்லார்ட் என்பது படைத்தலைவன் மாதிரியான கிளாஸ். அவர் ‘எழுந்திரு, சண்டை போடு’ என்று ஊக்கப்படுத்தினால் தோழரின் ஹிட் பாயின்ட், அதாவது இன்னும் எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண், ஏறும். வெட்டுப்பட்ட கை சத்தம் போட்டால் ஒட்டுமா என்று சிரித்தார்கள். ஹிட் பாயின்ட் என்பது உடல் காயம் மட்டும் இல்லை, அதில் அதிர்ஷ்டமும் அனுபவமும் சேர்ந்தது என்று கைகாக்ஸே 1979-இல் எழுதிவிட்டார். இந்தக் கேலி மட்டும் அவ்வளவாக எடுபடாது.

‘வீடியோ கேம் மாதிரி இருக்கிறது’ என்பது நியாயமான குற்றச்சாட்டா?

பாதி. 2008 ஜனவரியில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டிருந்தது. அந்த நேரத்தில், முன்னால் நின்று அடி வாங்குபவர் டிஃபெண்டர், அடித்து வீழ்த்துபவர் ஸ்ட்ரைக்கர், தேற்றுபவர் லீடர், களத்தைக் கட்டுப்படுத்துபவர் கன்ட்ரோலர் என்று புத்தகத்திலேயே பெயர் சூட்டினால் வேறு என்ன தோன்றும்? ஆனால் ஃபைட்டர் முன்னால், வைத்தியம் பார்க்கும் கிளெரிக் பின்னால் என்ற அணிவகுப்பை கணினி விளையாட்டுகள் கற்றதே டி அண்ட் டி-யிடமிருந்துதான். கொடுத்த கடன் வட்டியோடு திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அது வீடியோ கேமைவிட சீட்டு விளையாட்டை அதிகம் நினைவூட்டியது. மேஜிக் சீட்டு விளையாட்டை வெளியிடுவதும் விசார்ட்ஸ்தான். சொல் பிசகாத விதி வாசகம், நிறப்பட்டை, ஒவ்வொரு பவரும் தனித்தனிச் சீட்டாக வெட்டி எடுக்கத் தோதான அளவு. பலர் உண்மையிலேயே அச்செடுத்து வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

விதிகள் மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்று எட் கிரீன்வுட் உருவாக்கிய உலகம் ஒன்று உண்டு. நாவல்களும் வரைபடங்களுமாக வளர்ந்தது. புதிய விதிக்கு ஏற்ப மந்திரம் மாற வேண்டும் என்பதற்காக அதன் மந்திர தேவதையைக் கொன்று, ஸ்பெல்பிளேக் என்ற பேரழிவைக் கொண்டுவந்து, காலத்தைச் சுமார் நூறாண்டு முன்னால் நகர்த்தினார்கள். உங்கள் பாத்திரத்துக்குத் தெரிந்தவர்கள் பாதிப்பேர் செத்துப்போனார்கள், தெரிந்த நகரங்கள் சில தரைமட்டம். பெருங்கோபம் இதற்குத்தான் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

முதல் புத்தகத்தில் பழகிய கிளாஸ்கள் சில இல்லை: பார்ட் இல்லை, டிரூயிட் இல்லை, பார்பேரியன் இல்லை, மாங்க் இல்லை. பாத்திரத்தின் இனங்களில் நோமும் ஹாஃப்-ஆர்க்கும் இல்லை. அவை 2009, 2010 என்று அடுத்தடுத்த புத்தகங்களில் வந்தன. காசு பறிக்கும் வேலை என்று முணுமுணுப்பு. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுபோல ஒரு விளம்பரக் கார்ட்டூன் வேறு: ஆட்டக்காரர் புத்தகத்திலிருந்து தூக்கப்பட்ட நோம், ‘இப்போது நான் ஒரு மான்ஸ்டர்’ என்று உறுமிக் காட்டுவான். வேடிக்கையான கார்ட்டூன்தான். பத்து வருடம் நோம் ஆடியவருக்கு வேடிக்கையாக இருந்திருக்காது. பொதுவாகவே அன்றைய விளம்பரங்களில், நீங்கள் இதுவரை ஆடியது ரசமில்லாத ஆட்டம் என்ற தொனி இருந்தது.

பைசோ யார்? பாத்ஃபைண்டர் எங்கிருந்து வந்தது?

முன்பும் பதிப்பு மாறும்போதெல்லாம் கோபம் வந்தது. 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதும், 2000-இல் மூன்றாவது வந்தபோதும் முறுக்கிக்கொண்டு நின்றவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் அவர்கள் வழிக்கு வந்தார்கள், அல்லது பழைய புத்தகத்தோடு ஒதுங்கினார்கள். 2008-இல் மட்டும் குடும்பம் இரண்டாக உடைந்ததற்குக் காரணம், கோபித்துக்கொண்டு போனவர்களுக்குப் போக ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுத்தது விசார்ட்ஸேதான்.

2000-இல் மூன்றாம் பதிப்போடு ஓப்பன் கேம் லைசென்ஸ் என்ற உரிமத்தை விசார்ட்ஸ் வெளியிட்டது. அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து, காசு கட்டாமல், தங்கள் புத்தகத்தில் பயன்படுத்தலாம். இதை முன்னின்று நடத்தியவர் ரையன் டான்சி. சிறு பதிப்பகங்கள் மழைக்காளான்போல் முளைத்தன.

பைசோ 2002-இல் தொடங்கிய நிறுவனம். டிராகன், டன்ஜன் என்ற இரண்டு இதழ்களையும் விசார்ட்ஸிடம் உரிமம் பெற்று நடத்தியது. டிராகன் 1976 முதல் வந்துகொண்டிருந்த இதழ். 2007-இல் விசார்ட்ஸ் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. இதழ்களை இணையத்துக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னது. செப்டம்பரோடு அச்சு இதழ்கள் நின்றன. பிழைப்புக்காக பைசோ, பாத்ஃபைண்டர் என்ற பெயரில் சொந்தமாக சாகசத் தொடர் புத்தகங்களை ஆரம்பித்தது. விதி அதே 3.5.

இதற்கிடையில் நான்காம் பதிப்பு வருகிறது. அதற்கு என்ன உரிமம்? மாதக்கணக்கில் பதில் இல்லை. அச்சுக்குப் போக வேண்டிய பதிப்பகத்தார் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். காத்திருந்து பார்த்த பைசோ 2008 மார்ச்சில் தனிக்குடித்தனம் போகிறோம் என்று அறிவித்தது: 3.5 விதிகளைச் செப்பனிட்டுத் தனி விளையாட்டாகவே வெளியிடுவோம். வரைவை இலவசமாகக் கொடுத்து ஆட்டக்காரர்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஜேசன் புல்மான் தலைமையில் எழுதிய 576 பக்கப் புத்தகம் 2009 ஆகஸ்டில் வந்தது. ரசிகர்கள் அதை 3.75 என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

நான்காம் பதிப்பின் உரிமம் ஒருவழியாக 2008 ஜூனில் வந்தபோது அதில் ஒரு முள் இருந்தது. ஒரு புத்தக வரிசையைப் புதிய உரிமத்துக்கு மாற்றிவிட்டால் அதைப் பழைய திறந்த உரிமத்தில் மறுபடி வெளியிடக்கூடாது. 2009-இல் அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பந்தியில் பலர் எழுந்துபோய்விட்டார்கள்.

பிடிஎஃப் விவகாரம் என்ன?

2009 ஏப்ரலில் திருட்டுப் பிரதிகளைக் காரணம் காட்டி விசார்ட்ஸ் தன் பிடிஎஃப் புத்தகங்கள் எல்லாவற்றையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. எட்டுப் பேர்மீது வழக்கும் போட்டது. பழைய பதிப்புகளின் பிடிஎஃப்களும் கூடவே போயின. அதே ஆண்டு பைசோ தன் அடிப்படைப் புத்தகத்தின் பிடிஎஃப்பைச் சுமார் பத்து டாலருக்கு விற்றது. சொல்ல வேறொன்றும் இல்லை.

உணர்ச்சியை விடுங்கள். நான்காம் பதிப்பில் நிஜமான குறை என்ன?

சண்டை இழுத்துக்கொண்டே போகும். இதை நானே ஒப்புக்கொள்கிறேன். தொடக்கக்கால அசுரர்களுக்கு ஹிட் பாயின்ட் அதிகம், அடிக்கும் அடி குறைவு. முதல் அரைமணி நேரம் பிரமாதமாக இருக்கும். அதன்பின் எல்லாருடைய நல்ல பவரும் தீர்ந்து, ஜெயிக்கப்போவது யார் என்றும் தெரிந்து, பச்சைப் பட்டையை வைத்துத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2010-இல் வந்த மூன்றாம் மான்ஸ்டர் மேனுவலில், அதாவது அசுரர் புத்தகத்தில், இந்தக் கணக்கைத் திருத்தினார்கள்.

ஸ்கில் சேலஞ்ச் என்று சண்டையில்லாத சவால்களுக்கு ஒரு முறை வைத்தார்கள். நல்ல எண்ணம், தப்புக் கணக்கு. புத்தகம் வந்த சில வாரத்திலேயே எண்களைத் திருத்த வேண்டியதாயிற்று. திருத்தங்களும் அதோடு நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தன. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் கையிலிருக்கும்போதே காலாவதியாகும் உணர்வு யாருக்கும் பிடிக்காது. மேஜிக் மிசைல் கதை தெரியுமா? பல காலமாக அது குறி தப்பாத மந்திரம். 2008-இல் அதற்கும் பகடை உருட்டச் சொன்னார்கள். 2010-இல் மறுபடி குறி தப்பாது என்று ஆக்கினார்கள். பழைய குருடி, கதவைத் திறடி.

அறிவிப்பு நாளில் ஆசை காட்டிய இணைய ஆட்டமேசை சோதனை நிலையைத் தாண்டவே இல்லை.

அப்படியானால் யாருக்குத்தான் பிடித்தது?

முதலில் டன்ஜன் மாஸ்டர்களுக்கு. அசுரனின் முழு விவரமும் கால் பக்கத்தில், வேறு புத்தகம் புரட்ட வேண்டாம். ஒரே ஹிட் பாயின்ட்டோடு கும்பலாக வந்து சாகும் மினியன்கள் சினிமா சண்டை மாதிரி இருக்கும். ஐந்து பேருக்கு எத்தனை எதிரி என்று கணக்குப் போட்டால் விடை சரியாக வரும், 3.5-இல் அது குருட்டாம்போக்கு. அப்புறம், புதியவர்களுக்கு. ‘பெனி ஆர்கேட்’ என்ற இணைய காமிக்ஸின் படைப்பாளிகள் ஆடிய அக்விசிஷன்ஸ் இன்கார்ப்பரேட்டட் ஒலித்தொடர் 2008-இல் தொடங்கியது நான்காம் பதிப்பில்தான். பகடை ஆட்டத்தைப் பிறர் ஆடக் கேட்டு ரசிக்கும் பழக்கத்துக்கு அது ஒரு நல்ல தொடக்கம்.

கடைசியில் பாத்ஃபைண்டர் ஜெயித்ததா?

கடைக்காரர்களிடம் விசாரித்து ஐசிவி2 என்ற வணிக இதழ் வெளியிட்ட தரவரிசையில் 2010-இல் இரண்டும் சமநிலைக்கு வந்தன. 2011-இல் பாத்ஃபைண்டர் மேலே போனது. டி அண்ட் டி முதலிடத்தை விட்டுக்கொடுத்தது பலருக்கு நம்பவே முடியவில்லை. விசார்ட்ஸின் இணையச் சந்தா வருமானம் அந்தக் கணக்கில் சேராது என்பதையும் சொல்ல வேண்டும். 2012 ஜனவரியிலேயே அடுத்த பதிப்பு தயாராகிறது என்று அறிவித்துவிட்டார்கள்.

ஐந்தாம் பதிப்பு நான்காவதைத் தூக்கி எறிந்துவிட்டதா?

பெயர்ப்பலகையை மட்டும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு பழைய வாசனையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஃபயர்பால் மறுபடி வட்டமானது, பொருள்களையும் எரித்தது. ஆனால் சலிக்காமல் போடக்கூடிய சின்ன மந்திரங்கள், சிறு ஓய்வில் தானே தேறிக்கொள்வது, டிராகன்பார்ன் என்ற டிராகன் இனம், ஃபேவைல்ட் என்ற மாய உலகம் எல்லாம் நான்காவது வீட்டுச் சீதனம் அல்லது அங்கே மெருகேறியவை. இன்னொரு பக்கம் ஹைன்சூ, ஜோனத்தன் ட்வீட்டோடு சேர்ந்து 13த் ஏஜ் என்ற தனி விளையாட்டை எழுதினார். நான்காம் பதிப்பில் வேலை பார்த்த லோகன் பானர் பின்னாளில் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் வடிவமைப்பாளர்களில் ஒருவரானார். பங்காளிகள் இப்படித்தான், சண்டையும் போடுவார்கள், சம்பந்தமும் செய்துகொள்வார்கள்.

2023 ஜனவரியில் அந்தப் பழைய திறந்த உரிமத்தை மாற்றும் வரைவு கசிந்தபோது கிளம்பிய எதிர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த மாதம் முடிவதற்குள் விசார்ட்ஸ் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தும்படி கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டுவிட்டது.

இன்று நான்காம் பதிப்பு ஆடிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

2010-இல் வந்த ரூல்ஸ் கம்பெண்டியமும் மான்ஸ்டர் வால்ட்டும் எடுங்கள். கணக்கு திருத்தியவை அவை. முதல் மான்ஸ்டர் மேனுவல் வேண்டாம். கட்டம் போட்ட தாள் அவசியம், கற்பனையில் மட்டும் ஆட முடியாது. எதிரிகள் தோற்பது உறுதியானதும் அவர்களை ஓடவிடுங்கள், கடைசி ஹிட் பாயின்ட் வரை தட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

முதல் சாகசமாக ‘கீப் ஆன் தி ஷேடோஃபெல்’ கையில் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. அருவிக்குப் பின்னால் கோபால்ட் என்ற குட்டி அசுரர்களின் கூட்டம் இருக்கும், தலைவன் பெயர் அயர்ன்டூத். முதல் நிலை ஆட்டக்காரர்களைக் கூண்டோடு கொன்றவன் அவன். உங்கள் ஆட்டக்காரர்களுக்குத் தெரியாமல் இரண்டு கோபால்டுகளைக் குறைத்துவிடுங்கள்.